உள்பாக்கெட்

மதுரையில் அந்தக் கடைக்குள் ஏசி ஓடியது.
பச்சை வெல்வெட் விரித்து மூன்றை வைத்தார்,
வளையல் காட்டுவதுபோல.
"எந்த ஊர்?"
தங்கச்சிமடம். நண்டு ஏலம் எடுக்கிறேன்.
"அப்படியா" என்றார். என் கைகளைப் பார்த்தார்.

உரிமம் வர இருபத்தொன்பது மாதம்.
மனுவில் ஒரு கட்டம்: யாரால் ஆபத்து?
உச்சிப்புளி ரயில்வே கேட், இருட்டும் நேரம்,
கருப்பு ஹெல்மெட் இரண்டு, ஒரு பைக்,
படகுக்காரர்களின் வாரப் பட்டுவாடா மொத்தமும் போனது.
முகமில்லாதவர்களுக்கு என்ன பெயர் எழுத?
"இருவர்" என்று எழுதினேன்.

முதலாவது பெரியது.
தராசு இல்லாமலே எடை தெரியும் எனக்கு:
பெண் நண்டு நான்கு, ஐஸ் நீங்கலாக.
வேண்டாம்.

இரண்டாவது தட்டை.
"உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வெளியே தெரியாது."
மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார்.
பாதி வந்து நின்றுவிட்டது.
பதினெட்டு வருடம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்த கட்டைவிரல்.
"பழகிவிடும்."
பழகும்வரை அவர்கள் கேட்டில் காத்திருப்பார்களா?

மூன்றாவது குட்டை. முப்பத்திரண்டு, ஆறு ரவை.
இழுக்க எதுவுமில்லை, விரல் மட்டும் போதும்.
விரல் மட்டும் போதும் என்பது
அன்றைக்கு நல்ல செய்தியாகக் கேட்டது.

"எங்கே வைப்பீர்கள்? பெல்ட்டில்..." என்று தொடங்கி நிறுத்தினார்.
அவரிடமிருந்த தோல் உறை எல்லாம்
பேண்ட் போட்ட இடுப்புக்குத் தைத்தவை.
கைப்பையா? அவர்கள் பிடுங்கியதே கைப்பையைத்தான்.

செய்யதம்மாள் அளவெடுத்தாள்.
"உள்பாவாடையில் இவ்வளவு ஆழமா? எதுக்கு?"
ரேஷன் கார்டு என்றேன்.
"உங்க கார்டை ஜீன்ஸ் துணிதான் தாங்கும்" என்று
இரட்டைத் தையல் போட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது, உப்பு.
ஜன்னல் கம்பியைத் தின்னும், பூட்டைத் தின்னும் காற்று
உள்பாக்கெட்டை மட்டும் விடுமா?
இரவில் கதவைத் தாழிட்டு
தையல் மிஷின் எண்ணெயும் பழைய பனியனுமாக உட்காருவேன்.
தேங்காயெண்ணெய் போட்ட முதல் வாரம்
மீன் குழம்புபோல மணத்தது.

கோயிலில் முழந்தாளிட்டபோது பெஞ்சில் இரும்பு தட்டியது.
முன்வரிசை திரும்பியது.
சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினேன்.
திவ்விய பலியில் நான் சொன்ன முதல் பொய், சத்தமில்லாமல்.

என் மகள் ஜெனோவா வலப்பக்கமாக ஓடிவந்து கட்டிக்கொள்பவள்.
"அம்மா, குத்துது."
மறுநாள் இடப்பக்கம் வந்தாள்.
அதற்கு மறுநாள் வரவில்லை.

தேர்தல் அறிவித்தார்கள்.
உரிமம் உள்ளவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
ரைட்டர் ஏட்டில் எழுதினார்: ரிவால்வர் ஒன்று, ரவை ஆறு.
கூடையில் போகும் நண்டின் கொடுக்கில்
நாங்கள் போடும் ரப்பர் வளையம் ஞாபகம் வந்தது.
மடித்த ரசீதை உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம். அதே கேட், அதே இருட்டு.
ஸ்கூட்டரில் பட்டுவாடா பணம்.
பின்னாலிருந்து ஒரு பைக் வேகமாக வந்து ஒட்டி நின்றது.
இரண்டு பேர். கருப்பு ஹெல்மெட்.
என் கை எனக்கு முன்பே போய்விட்டது.
காகிதம் தட்டுப்பட்டது.
பின்னால் இருந்தவன் குனிந்து சொன்னான்:
"அக்கா, சைடு ஸ்டாண்டு எடுக்கலை."

ரயில் போனது. கேட் திறந்தது. அவர்களும் போனார்கள்.
எனக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.
அது உள்ளே இருந்திருந்தால் என்று ஒரு வாக்கியம்,
இதுவரை நான் அதை முடித்ததில்லை.

ஓட்டு எண்ணி முடிந்த பிறகு
ரசீதைக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன்.
குழல் முனையில் துவரம்பருப்பளவு துரு.
ஆறையும் எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன்.
வழியில் செய்யதம்மாளிடம் பாவாடையைக் கொடுத்து
பாக்கெட்டை இடப்பக்கம் மாற்றச் சொன்னேன்.
"வலக்கைக்காரி நீங்க. முந்தானையைத் தாண்டி எடுக்கணும்.
அரை நொடி கூடும்" என்றாள்,
ரேஷன் கார்டைத்தான் சொல்வதுபோல.

கூடட்டும் என்றேன்.